திருவருகைக்காலப் பிரசங்கமும் ‘விசுவாசம்’ எனும் கருத்தும்
லூதரன் மரபு பற்றிய ஒரு நோக்கு

சமயப் பிரசங்கத்தை ஓர் இலக்கிய வகையாகவோ சமுதாய ஆவணமாகவோ நோக்கும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. பாசுரத்தையும் புராணத்தையும் அவை தோன்றிய காலப் பின்னணியில் வைத்து ஆராயப் பழகிவிட்ட நாம், மேடையிலிருந்து பேசப்பட்டுப் பின்னர் அச்சேறிய பிரசங்கங்களை விசுவாசிகளுக்கு மட்டுமே உரியவை என ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின் எழுத்தறிவு பரவாத சமுதாயங்களில், ஆண்டு முழுவதும் வாரந்தோறும் ஒரே கூரையின்கீழ் ஆளுவோரும் ஆளப்படுவோரும் கூடியிருந்து கேட்ட பேச்சு பிரசங்கம் ஒன்றே. அவ்வகையில் ஒரு காலத்தின் கருத்துநிலையை அறிவதற்குப் பிரசங்கத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

இக்கட்டுரையில் லூதரன் திருச்சபை மரபிலே திருவருகைக் காலத்திலும் நத்தார்ப் பெருநாளிலும் நிகழ்த்தப்பட்ட பிரசங்கங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ‘விசுவாசம்’ எனும் சொல் எவ்வாறு விளக்கப்பட்டது, அவ்விளக்கம் எவ்வாறு சமுதாயப் பூசல்களுக்குள் இழுபட்டது என்பவற்றை நோக்குவோம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருத்தற் காலமே திருவருகைக் காலம் எனப்படும். வரவிருக்கும் ஒருவருக்காகக் காத்திருத்தல் என்பது இயல்பாகவே இருக்கின்ற நிலைமை பற்றிய ஒரு தீர்ப்பையும் தன்னுள் அடக்கியது. எனவேதான் விசுவாசம் பற்றிய வினா இக்காலப் பிரசங்கங்களிற் கூர்மையாக எழுகின்றது.

1. கோட்டைக்குள் எழுதப்பட்ட பிரசங்கங்கள்

1521ஆம் ஆண்டு ஏப்ரிலில் வோர்ம்ஸ் நகரிற் கூடிய பேரரசுச் சபையில் மார்ட்டின் லூதர் தம் நூல்களைக் கைவிட மறுத்தார். நாட்டு விலக்குக்குள்ளான அவரைச் சக்சனி இளவரசரின் ஆட்கள் இரகசியமாக வார்ட்பேர்க் கோட்டைக்குக் கொண்டு சென்றனர். அவ்வாண்டு மே மாதம் தொடக்கம் 1522 மார்ச் வரை அவர் அங்கே மறைந்து வாழ்ந்தார். புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தமை அக்காலத்துப் பெருஞ்செயலாகப் பேசப்படுகின்றது. அதே கோட்டையில், அம்மொழிபெயர்ப்பைத் தொடங்குவதற்கு முன்னரே அவர் மேற்கொண்ட பணி நத்தாருக்கும் திருவருகைக்குமான பிரசங்கங்களை ஜேர்மன் மொழியில் எழுதுவதாகும். இவை 1522இல் வெளிவந்தன. தம் நூல்களுள் இதுவே சிறந்ததென 1527இல் லூதரே குறித்தமை கவனத்திற்குரியது.

இத்தகைய நூலுக்குப் ‘போஸ்டில்’ என்பது பெயர். ‘அச்சொற்களின் பின்னர்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. சுவிசேஷப் பகுதி வாசிக்கப்பட்ட பின்னர் தொடரும் விளக்கம் என்பது கருத்து. சுவிசேஷத்தை விளக்கும் திறன் பெற்ற குருமார் கிராமங்களில் மிகக் குறைவு. 1526இல் ஜேர்மன் மொழி வழிபாட்டு முறையை வகுத்தபோது, தகுதியான போதகர் கிடைக்காத இடங்களில் இப்போஸ்டிலையே மேடையில் வாசிக்கலாம் என லூதர் பரிந்துரைத்தார். இவ்வாறு அச்சுப்பொறியின் துணையோடு, ஒரு மனிதர் கோட்டைக்குள்ளிருந்து எழுதிய சொற்கள் பல ஊர்களின் மேடைகளிற் பிறர் வாயால் ஒலித்தன. ஒரு நாட்டின் பேச்சுமொழி சமய விளக்கத்திற்குரிய உரைநடையாக உருப்பெற்ற வரலாற்றில் இது முக்கியமானதொரு கட்டம் எனலாம்.

பிரசங்கத்துக்குரிய பகுதிகளை லூதர் புதிதாகத் தெரிந்தெடுக்கவில்லை. இடைக்காலத் திருச்சபை வகுத்த வாசகங்களையே பின்பற்றினார். முதல் ஞாயிறுக்கு எருசலேமுக்குள் இயேசு கழுதை மீதேறிச் செல்லும் நிகழ்ச்சி. இரண்டாவதற்கு வானத்திலும் பூமியிலும் தோன்றவிருக்கும் அடையாளங்கள். மூன்றாவதற்குச் சிறையிலிருந்த யோவான், வரவேண்டியவர் நீர்தாமா என்று ஆளனுப்பி வினவுதல். நான்காவதற்கு யோவான் தன்னைப் பற்றிக் கூறும் சாட்சி. இவ்வொழுங்கு பழையது, விளக்கமோ புதியது.

2. ‘எனக்காக’ எனும் விசுவாசம்

லூதரின் விளக்கத்தில் அடிப்படையானதொரு வேறுபாடு உண்டு. பெத்லகேமிற் குழந்தை பிறந்தது, அக்குழந்தை தேவகுமாரன் என்பன உண்மையென ஒப்புக்கொள்வது விசுவாசம் ஆகாது. அத்துணை அறிவு சாத்தானுக்கும் உண்டு என்பது அவர் வாதம். தேவதூதன் மேய்ப்பர்களுக்கு உரைத்த செய்தியில் ‘உங்களுக்கு’ என்றொரு சொல் வருகின்றது. அச்சொல்லின்மீது லூதர் தம் பிரசங்கத்தின் பாரம் முழுவதையும் ஏற்றுகின்றார். பிறந்தவர் எனக்காகவே பிறந்தார் என ஒவ்வொருவரும் துணிந்து ஏற்றுக்கொள்வதே விசுவாசம். கிளேயர்வோ நகரத்துப் பேர்னாட் எனும் இடைக்காலத் துறவி, இப்பிறப்பில் மூன்று அற்புதங்களைக் கண்டார்: தெய்வமும் மனிதமும் கூடியது, கன்னிமையும் தாய்மையும் கூடியது, மனித உள்ளமும் விசுவாசமும் கூடியது. இம்மூன்றனுள் இறுதியானதே பெரிதென்ற கருத்தை லூதர் விரும்பி எடுத்தாண்டார்.

திருவருகையின் முதல் ஞாயிற்றுப் பிரசங்கமும் இதே கருத்தை வேறு வகையில் வலியுறுத்துவது. அரசன் உன்னிடம் வருகின்றான். நீ அவனைத் தேடிச் சென்றடையவில்லை என்பது அதன் சாரம். நோன்பு, யாத்திரை, பாவமன்னிப்புச் சீட்டு என மனிதன் மேல்நோக்கி அமைத்த ஏணிகள் யாவும் இங்கே பயனற்றவை ஆகின்றன. இது இறையியல் வாதமாகவே கூறப்பட்டதாயினும், அவ்வேணிகளின் ஒவ்வொரு படியிலும் வரி வசூலித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் பொருளாதார அடித்தளத்தையே அது தாக்கியது என்பதனை மனங்கொள்ள வேண்டும்.

ஆயின் நற்செயலுக்கு இங்கே இடமில்லையா? வார்ட்பேர்க் போஸ்டிலுக்கு முகவுரையாக எழுதிய சிறு விளக்கத்தில் லூதர் இதற்கு விடை கூறினார். கிறிஸ்துவை முதலிற் கொடையாகவும் அதன் பின்னரே முன்மாதிரியாகவும் கொள்ளவேண்டும் என்பது அவ்விடை. கொடையை ஏற்பது விசுவாசம். முன்மாதிரியைப் பின்பற்றி அயலானுக்கு உதவுவது அன்பு. இறைவனுக்கு நமது செயல் தேவையில்லை, அயலானுக்கே தேவை. நத்தார்ப் பிரசங்கங்களில் இது மிகவும் உயிரோட்டமாக வெளிப்படுகின்றது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி குளிர்காலத்தில் நெடுந்தூரம் நடந்துவந்து, சத்திரத்தில் இடமின்றி, உதவிக்கு ஒரு பெண்கூட இன்றிப் பிள்ளை பெறுகின்றாள். ஊரார் ஒருவரும் இரங்கவில்லை. நான் அன்று அங்கே இருந்திருப்பின் ஓடிச் சென்று உதவியிருப்பேனே என நினைக்கும் கேட்போரை நோக்கி லூதர் சீறுகின்றார்: உன் அயலானிடத்தில் இன்றும் அதே கிறிஸ்து இருக்கின்றார், அவனுக்கு ஏன் உதவவில்லை? பொற்பின்னணியில் தீட்டப்பட்ட விண்ணரசி இங்கே மறைந்து, மாட்டுத்தொழுவத்தின் நாற்றத்துக்கிடையே கிடக்கும் ஏழைப்பெண் தோன்றுகின்றாள். சமய இலக்கியத்தில் யதார்த்த நெறி புகுந்தமைக்கு இதனை நல்லதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

3. ஒரே அதிகாரம், இரு வாசிப்புகள்

யதார்த்தம் அங்கே வந்துவிட்டது. அது எதுவரை செல்லும் என்பதே வினா. லூக்கா சுவிசேஷத்தின் முதலதிகாரத்தில் மரியாள் பாடும் துதிப்பாடல் வலியவர் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும், பசித்தோர் நிரப்பப்படுவதையும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுவதையும் பேசுகின்றது. இப்பாடலுக்கு லூதர் 1521இல் உரையெழுதி, அதனைச் சக்சனியின் இளவரசர் யோவான் பிரெடரிக்குக்கு உரிமையாக்கினார். அதில் மரியாளை வீட்டு வேலை செய்யும் எளிய பெண்ணாகக் காட்டுகின்றார். தூதன் வந்துபோன பின்னரும் அவள் மாடு கறந்து, சமைத்து, பாத்திரம் துலக்கி வாழ்ந்தாள் என்கின்றார். ஆனால் வலியவர் தள்ளப்படுதல் பற்றிக் கூறுமிடத்தில் ஒரு நுண்மையான வேறுபாட்டைப் புகுத்துகின்றார். ஆசனத்தில் இருப்போர் தள்ளப்படுவர். ஆசனங்கள் உடைக்கப்படும் என்று பாடல் கூறவில்லை. உலகம் உள்ளவரை ஆட்சியும் அதிகாரமும் இருந்தே தீரும் என்பது அவர் முடிபு.

மூன்றாண்டுகளின் பின்னர் அதே அதிகாரத்தை எடுத்து விளக்கியவர் தோமஸ் மூன்ட்சர். ஒரு காலத்தில் லூதரைச் சார்ந்திருந்த இப்போதகர் 1524இல் வெளியிட்ட நூல், போலி விசுவாசத்தை வெளிப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டது. நியூரம்பேர்க்கில் அச்சான அதன் பிரதிகளிற் பெரும்பகுதியை நகர ஆட்சியினர் பறிமுதல் செய்தனர். விசுவாசம் எளிதிற் கிட்டுவதன்று. அச்சத்தினூடும் வேதனையினூடும் உள்ளத்திற் பிறப்பது. சக்கரியாவும் மரியாளும் தூதனின் சொல்லைக் கேட்டு நடுங்கினர் என்பது அவர் விளக்கம். லூதரின் விசுவாசம் படித்தோர் வாயளவிற் பேசும் மலிவுப் பொருள் என்றார். இதற்கு மேலும் ஒருபடி சென்று, நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒரு வாதத்தை அவர் முன்வைத்தார். பிரபுக்களின் வயிற்றை நிரப்புவதற்காகவே வாழ்நாள் முழுவதும் உழைக்கும் உழவனுக்கு வேதத்தை அறிய ஓய்வு ஏது? ஓய்வின்றேல் விசுவாசம் எவ்வாறு வரும்? எனவே விசுவாசத்துக்குத் தடையாக இருக்கும் வலியவர் ஆசனங்களிலிருந்து இறக்கப்பட வேண்டும். விசுவாசத்துக்கும் ஒரு பொருளியல் நிபந்தனை உண்டு என்பதனை, சமய மொழியிலேயே நின்று அவர் கண்டறிந்தார் எனலாம்.

1525ஆம் ஆண்டு உழவர் எழுச்சி இவ்விவாதத்தை நூல்களிலிருந்து வயல்களுக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு மெம்மிங்கன் நகரில் உருவான பன்னிரு கோரிக்கைகளுள் மூன்றாவது, கிறிஸ்து மேய்ப்பனையும் மன்னனையும் ஒரே இரத்தத்தால் மீட்டார் ஆதலின் எவரும் எவருக்கும் அடிமையாக இருத்தல் பொருந்தாது என்றது. இக்கோரிக்கையாளர் லூதரின் பிரசங்கத்தை நன்கு கேட்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர் வலியுறுத்திய ‘உங்களுக்கு’ எனும் சொல் பன்மைச் சொல். லூதர் அதனை ஒவ்வோர் உள்ளத்துக்கும் உரிய ‘எனக்கு’ என ஒருமையாக்கினார். உழவர் அதனை மீண்டும் பன்மையாக வாசித்தனர்.

லூதரின் மறுமொழி நாம் அறிந்ததே. முதலிற் பிரபுக்களின் கொடுமையையும் அவர் கண்டித்தார். ஆயின் மூன்றாவது கோரிக்கை கிறிஸ்தவ விடுதலையை உடல் சார்ந்ததாக ஆக்கிவிடுகிறது என மறுத்தார். ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தனர், அடிமையும் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்றார். கலகம் பரவியதும், அதனை வாளால் அடக்குமாறு பிரபுக்களைத் தூண்டும் கடுமொழித் துண்டுநூலை மே மாதத்தில் எழுதினார். மே 15இல் பிராங்கன்ஹவுசனில் உழவர் படை நசுக்கப்பட்டது. மே 27இல் மூன்ட்சர் சிரச்சேதம் செய்யப்பட்டார். எழுச்சியில் மாண்டோர் தொகை 100,000 வரையில் இருக்கும் என மதிப்பிடுவர். 1850இல் இப்போரைப் பற்றி எழுதிய எங்கெல்ஸ், லூதரை நகர நடுத்தர வர்க்கத்தின் பேச்சாளராகவும் மூன்ட்சரை உழவர், ஏழை மக்கள் ஆகியோரின் பேச்சாளராகவும் கண்டார். இவ்வாய்வு அடிப்படையில் ஏற்கத்தக்கதே. எனினும் சமய மொழி வர்க்க நலனின் போர்வை மட்டுமே எனக் கொள்ளின், அதே போர்வைக்குள்ளிருந்து இருவேறு குரல்கள் எழுந்தது ஏன் என்பது விளங்காது போய்விடும்.

நத்தார்ப் பிரசங்கத்திலே இவ்விருமையின் வித்து முன்னரே இருந்தது. மேய்ப்பர்கள் குழந்தையைக் கண்டபின் துறவிகளாகாமல் மந்தைக்கே திரும்பினர் என்பதை லூதர் பாராட்டுகின்றார். ஆடு மேய்ப்பதும் இறைபணியே எனும் இக்கருத்து உழைப்பின் மதிப்பை உயர்த்தியது. துறவே மேன்மையானது எனும் இடைக்காலப் படிநிலையைத் தகர்த்தது. ஆனால் அதே கருத்து, பிறந்த நிலையிலேயே அமைந்திரு எனும் போதனையாகவும் மாறக்கூடியது. பின்னர் அவ்வாறே மாறியது.

4. 1933: மீண்டும் அதே பாடல்

நானூறு ஆண்டுகளின் பின்னர் இவ்வினா வேறொரு கொடிய சூழலில் எழுந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சியேறியதும் ஜேர்மன் புரட்டஸ்தாந்து சபைகளுக்குள் நாசிசச் சார்பான இயக்கமொன்று அதிகாரம் பெற்றது. யூத வழிவந்தோரைத் திருச்சபைப் பணிகளிலிருந்து விலக்கும் விதி அவ்வாண்டு செப்ரெம்பரிலே பிரஷ்யச் சபையில் நிறைவேறியது. நவம்பர் 13இல் பேர்லினில் நடந்த பெருங்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டையே நீக்கிவிட வேண்டுமெனப் பேசப்பட்டது. அடுத்த சில வாரங்களிலே திருவருகைக் காலம் தொடங்கியது. இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் இன்றித் திருவருகைப் பிரசங்கம் இல்லை. ஆதலின் வழமையான வாசகங்களை வழமைபோல் விளக்குவதே ஓர் அரசியற் செயலாகிவிட்டது.

அவ்வேளையில் இலண்டனிலிருந்த ஜேர்மன் சபைகளிற் போதகராக இருந்தவர் டீட்ரிஹ் பொன்ஹோபர், வயது 27. டிசெம்பர் 17இல், திருவருகையின் மூன்றாம் ஞாயிறன்று, மரியாளின் துதிப்பாடலையே அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். இப்பாடலைப் பாடுபவள் ஓவியங்களில் நாம் காணும் மென்மையான மரியாள் அல்லள், ஆவேசம் கொண்டவள் என்றார். திருவருகைப் பாடல்களுள் இதனினும் புரட்சிகரமானது இல்லை என்றார். உலகின் வலியவர் துணிவிழந்து நடுங்கும் இடங்கள் இரண்டே. ஒன்று தொழுவம், மற்றையது சிலுவை என விளக்கினார். லூதர் விட்டுச்சென்ற ஆசனங்களைப் பற்றிய வினாவை, லூதரின் மாணாக்கர் ஒருவரே இவ்வாறு மீண்டும் திறந்தார்.

பொன்ஹோபரிடம் விசுவாசம் என்பதன் பொருளும் ஆழம் பெற்றது. 1937இல் வெளிவந்த தமது நூலில், பின்பற்றுதலைக் கோராத கிருபையை மலிவான கிருபை எனச் சாடினார். 1943 ஏப்ரிலில் கைதாகி, தேகல் சிறையிலிருந்து அவ்வாண்டு நவம்பரில் எழுதிய கடிதத்திலே, சிறைக்கூடத்தைத் திருவருகைக்கு உவமையாக்கினார். உள்ளிருப்பவன் காத்திருக்கின்றான், ஏதேதோ சிறு வேலைகள் செய்கின்றான், கதவு மட்டும் வெளியிலிருந்தே திறக்கப்பட வேண்டும். இது லூதரின் முதல் ஞாயிற்றுப் பிரசங்கத்தின் கருத்தே. எனினும் இக்காத்திருத்தல் செயலின்மை அன்று. ஹிட்லரை வீழ்த்தும் சதியில் பங்குகொண்டவர் எழுதியது அது. 1945 ஏப்ரில் 9இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதனை முழு மரபின் பெருமையாகக் கொள்ளுதல் தவறு. பெரும்பாலான மேடைகள் அக்காலத்தில் மௌனம் சாதித்தன. சில வெளிப்படையாகவே ஆட்சியைப் போற்றின. 1543இல் லூதர் யூதருக்கெதிராக எழுதிய நூலை நாசிகள் தமக்குச் சான்றாக எடுத்தாண்டனர். ஒரே மரபு இரண்டுக்கும் இடமளித்தது என்பதே வரலாற்றுண்மை.

5. தமிழ்ச் சூழலில் இவ்வினா

லூதரன் பிரசங்கம் தமிழில் ஒலிக்கத் தொடங்கியது தரங்கம்பாடியிலாகும். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட சீகன்பால்கும் புளூச்சோவும் 1706 யூலை 9இல் அங்கு வந்திறங்கினர். மறுஆண்டிலேயே சிறு தேவாலயமொன்று திறக்கப்பட்டது. தமிழை முறையாகக் கற்ற சீகன்பால்க் அம்மொழியிலேயே பிரசங்கித்தார். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. வார்ட்பேர்க்கில் ஜேர்மன் உரைநடைக்கு நிகழ்ந்தது போன்ற ஒன்று, அளவிற் சிறியதாயினும், தரங்கம்பாடியிலே தமிழ் உரைநடைக்கு நிகழ்ந்தது.

ஆனால் பன்மைச் சொல்லான ‘உங்களுக்கு’ என்பது தமிழ்ச் சபைகளில் எவ்வாறு கேட்கப்பட்டது? 1733 டிசெம்பர் 28இல், நத்தாரை அடுத்து, வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்று, லூதரன் சபையின் முதல் இந்தியக் குருவானார். தஞ்சைப் பகுதியிற் சிறந்த உபதேசியாராக விளங்கிய ராசநாயக்கனுக்கோ அப்பட்டம் கிட்டவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அவரிடமிருந்து மேற்சாதியினர் நற்கருணை பெற மறுப்பர் எனும் அச்சமே காரணம். சபைகளிற் சாதிவழி வேறுவேறான இருக்கைகள் இருந்தன. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டானியல் வில்சன் இவ்வழக்கங்களை முற்றாகக் கைவிடுமாறு ஆணையிட்டபோது, அதனை ஏற்காத பலர் பின்னர் லைப்சிக் லூதரன் மிசனைச் சார்ந்தனர். சாதி என்பது உலகியல் சார்ந்த ஒழுங்கு, விசுவாசத்தைத் தொடாதது எனும் நியாயம் அங்கே கூறப்பட்டது. 1525இல் மூன்றாவது கோரிக்கைக்குக் கூறப்பட்ட மறுமொழியோடு இது ஒத்திருப்பதனை விளக்க வேண்டியதில்லை. ‘பெத்லகேம் குறவஞ்சி’ எனும் அரிய படைப்பைத் தமிழுக்கு அளித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இப்பூசலிற் சாதி வழக்கங்களின் பக்கமே நின்றார். தமிழ்ச் சிற்றிலக்கிய மரபைக் கிறிஸ்து பிறப்புக்கு உரியதாக்கிய கலைஞரிடத்தும், மரபைப் பேணும் உணர்வும் சாதியைப் பேணும் உணர்வும் பிரிக்கவொண்ணாது பிணைந்திருந்தன. இதனை மறைப்பது அவருக்கோ இலக்கிய வரலாற்றுக்கோ பெருமை சேர்ப்பதாகாது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, விசுவாசத்தை உள்ளத்தின் துணிவாக விளக்கிய லூதரின் பிரசங்கம், மனிதனை நிறுவன அதிகாரத்திலிருந்து விடுவித்த முற்போக்கான ஆற்றலாக அமைந்தது. மற்றையது, உள்ளம் ஒருபுறமும் உடல் ஒருபுறமும் எனப் பிரிக்கப்பட்டபோது அதே விளக்கம் அடிமைத்தனத்துக்கும் சாதிக்கும் அரணாயிற்று. இப்பிரிவினையை அம்மரபினரே பின்னாளில் வினாவுக்குட்படுத்தினர். 1977இல் தாருஸ்ஸலாமிற் கூடிய உலக லூதரன் சம்மேளனம், தென்னாபிரிக்க நிறவொதுக்கல் அரசியற் பிரச்சினை மட்டுமன்று, விசுவாசத்தையே பாதிக்கும் பிரச்சினை என்றது. 1984இல் புடாபெஸ்டில், அதனைக் கைவிடாத வெள்ளையர் சபைகள் இரண்டின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. யாரருகில் யார் அமரலாம், யார் கையிலிருந்து யார் அப்பம் பெறலாம் என்பன விசுவாசத்துக்கு வெளியேயுள்ள சில்லறை விடயங்கள் அல்ல என்பதை ஏற்க அம்மரபுக்கு நான்கரை நூற்றாண்டு சென்றது.

சமய நம்பிக்கை உடையோரும் இல்லோரும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. எந்தவொரு விடுதலைக் கொள்கையிலும் ‘உங்களுக்கு’ என்றொரு சொல் இருக்கும். அச்சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் வாயிலில் நிறுத்தப்படுவர் என்பதைக் கொண்டே அக்கொள்கையை நாம் மதிப்பிடுதல் வேண்டும். பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தியை ஆண்டுதோறும் இரக்கத்தோடு கேட்கும் சபையிலேயே ராசநாயக்கனுக்கும் இடமில்லாது போயிற்று.